தறி இருமல்

புதுப் பாலியஸ்டர் புடவையின் மடிப்பைப் பிரித்தால் ஒரு வாடை வரும். மண்ணெண்ணெயும் கஞ்சியும் பிளாஸ்டிக் உறையும் கலந்த வாடை. கடைகளில் பெண்கள் அதை மூக்கருகே பிடித்து முகர்ந்துவிட்டுச் சந்தோஷப்படுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது எங்கள் ஊர் எல்லையில் வேப்பிலைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற என் நைனாவின், என் அப்பாவின், வாடை. புடவைக் கடைக்குப் போனால் இன்றைக்கும் மூக்கை மூடிக்கொண்டுதான் எடுக்கிறேன். கடைக்காரர் முறைக்கிறார், முறைத்துக்கொள்ளட்டும்.

எங்கள் ஊர் ஆந்திராவில் நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. வீட்டில் தமிழ், ஆபீசுக்குப் போனால் தெலுங்கு, சண்டை என்று வந்தால் இரண்டும். எங்கள் தெருக்காரர்களுக்கு நிலம் கிடையாது. முந்தின தலைமுறை அடுத்தவன் கழனியில் நாற்று நட்டது. என் நைனாவின் தலைமுறை விசைத்தறிக்குப் போனது. நகரியில் அப்போது தெருவுக்குத் தெரு தறிக் கொட்டகைகள். உள்ளே போனால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. பஞ்சுத் தூசி மயிரிலும் புருவத்திலும் ஒட்டி, இருபத்தைந்து வயது ஆள் கிழவனைப் போலத் தெரிவார்.

என் நைனா முனிரத்தினமும் ஏழுமலைச் சித்தப்பாவும் ஒரே தறியை மாற்றி மாற்றி ஓட்டினார்கள். பகலுக்கு ஒருவர், ராத்திரிக்கு ஒருவர். ஏழுமலை எங்களுக்கு உறவு இல்லை, ஆனால் உறவைவிடக் கூட. தறி ஓட்டாத நேரத்தில் அவர்தான் எங்கள் ஊர் கங்கம்மா கோயிலுக்குப் பூசாரி. நெற்றி நிறையக் குங்குமமும் தலை நிறையப் பஞ்சுமாக அவர் சைக்கிளில் வருவதைப் பார்த்தால் சின்னப் பிள்ளைகள் சிரிப்போம்.

தறி வேலையில் ஒரு வழக்கம் உண்டு, அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. நீளவாட்டில் கட்டிய பாவு நூலுக்குக் குறுக்கே ஓடும் மரக்கட்டைதான் நாடா. அதில் நூல் தீர்ந்துவிட்டால் நூல் சுற்றிய புதுத் தார்க்குச்சியைப் போட்டு, அந்த நூலை நாடாவின் பக்கத்தில் உள்ள சின்னக் கண் வழியாக வெளியே எடுக்க வேண்டும். ஊசியால் கோத்தால் நேரமாகும். அதனால் அந்தக் கண்ணில் வாயை வைத்து ஒரு உறிஞ்சு உறிஞ்சுவார்கள். நூல் வாய்க்குள் வந்துவிடும், கூடவே பஞ்சுத் தூசியும். எச்சிலோடு நூலை இழுத்துவிட்டு நாடாவைத் தறியில் போடுவார்கள். ஒரு ஷிப்டில் எத்தனையோ தடவை இப்படி. பகலில் நைனா வாய் வைத்த நாடாவில் ராத்திரி ஏழுமலைச் சித்தப்பா வாய் வைப்பார். அதை யாரும் அசிங்கமாக நினைத்ததில்லை. நாடாவுக்கு முத்தம் கொடுக்கத் தெரியாதவனுக்குத் தறி வராது என்று கேலி பேசுவார்கள்.

தறிக்காரர்கள் எல்லாரும் இருமுவார்கள். காலையில் பல் விளக்கும் நேரத்தில் எங்கள் தெருவே இருமும். அதற்கு "தறி இருமல்" என்று பெயர். பெயர் வைத்துவிட்டால் அது வியாதி இல்லை என்று ஆகிவிடுகிறது. வண்டிக்காரன் உள்ளங்கை காய்த்துப்போவதைப் போல, வண்ணான் கால் வெடிப்பதைப் போல, தறிக்காரன் இருமுவான். அதற்கு யாராவது டாக்டரிடம் போவார்களா?

நான் நான்காவது படிக்கும்போது நகரித் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. நூல் விலை ஏறியது, கரண்ட் இல்லை, வெளியிலிருந்து மலிவுத் துணி வந்து இறங்கியது. நாடு திறந்துவிட்டது, இனிமேல் எல்லாருக்கும் வேலை என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குத் திறந்தது ரயில் பெட்டிக் கதவு ஒன்றுதான். ஒரு மேஸ்திரி வந்து ஆள் பிடித்துக்கொண்டு சூரத்துக்குப் போனான். நைனா போனார். ஏழுமலைச் சித்தப்பா போகவில்லை. கோயிலை விட்டு வர முடியாது என்றார். அதற்கு நைனா, "ஆத்தாளுக்கு உன்ன உட்டா வேற ஆளே இல்லியாடா, அங்க சாப்பாட்டுக்குச் சப்பாத்தி போடறான்னு பயந்துக்கினு சொல்ற" என்று சொல்லிச் சிரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அடுத்த வருடம் புரட்டாசியில் அந்தச் செய்தி வந்தது. சூரத்தில் பிளேக்.

எங்கள் ஊரில் அப்போது டிவி இருந்த வீடு ஊர்த் தலைவரான சர்பஞ்ச் வீடு ஒன்றுதான். தெரு முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தது. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு ஜனங்கள் ரயிலுக்குள் முண்டியடித்து ஏறுவதைக் காட்டினார்கள். செத்த எலியைக் காட்டினார்கள். ஜுரம் வரும், இருமல் வரும், நெறி கட்டும் என்று தெலுங்கில் ஒரு அம்மா வாசித்தாள். என் அம்மா அந்தக் கூட்டத்தில் நைனாவின் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். ஊர்க்காரர்கள் என் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாளிலிருந்து நகரி மருந்துக் கடைகளில் டெட்ராசைக்ளின் மாத்திரை கிடைக்கவில்லை. வியாதி இல்லாதவர்கள் எல்லாரும் வாங்கித் தின்றுகொண்டிருந்தார்கள். வீட்டு மூலையில் ஒரு மூஞ்சூறு ஓடினால்கூடப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

அப்புறம் ஊர் கூடிக் காப்புக் கட்டியது. எங்கள் பக்கத்துக் கங்கம்மா ஜாத்திரைத் திருவிழா தெரிந்தவர்களுக்கு இது தெரியும். வெயில் காலத்தில் ஜாத்திரைக்கு முன்னால் எல்லையில் வேப்பிலைக் கயிறு கட்டிவிட்டால், உள்ளே இருப்பவர் வெளியூரில் போய்த் தங்கக் கூடாது, வெளியூர்க்காரர் உள்ளே வந்து தங்கக் கூடாது. கூழ் ஊற்றிக் காப்பை அவிழ்க்கும்வரை அப்படித்தான். நான் சாமியைத் திட்டவில்லை. வைசூரி ஊர் ஊராக வாரிக்கொண்டு போன காலத்தில், ஆள் நடமாட்டத்தை நிறுத்தினால் வியாதியும் நிற்கும் என்று கண்டுகொண்ட யாரோ செய்த ஏற்பாடு அது. ஊசி இல்லாத காலத்தில் அது எத்தனை உயிரைக் காப்பாற்றியதோ. ஆனால் புரட்டாசியில் ஜாத்திரை கிடையாது. அந்த வருடம் ஜாத்திரை இல்லாமலே காப்புக் கட்டினார்கள். எங்கள் ஊரிலிருந்து சூரத்துக்குப் போயிருந்தது என் நைனா ஒருவர்தான். ஆக, அந்தக் கயிறு யாருக்காக என்பது ஐந்தாவது படித்த எனக்கே தெரிந்தது. கட்டியவர் ஏழுமலைச் சித்தப்பா.

நைனா ரேணிகுண்டாவில் ரயில் இறங்கி, புத்தூர் பஸ் பிடித்து, மெயின் ரோட்டிலிருந்து நடந்து சாயங்காலம் வந்து சேர்ந்தார். தோளில் ஒரு பை, கையில் ஒரு பார்சல். யாரோ ஓடிவந்து சொல்ல, அம்மாவும் நானும் எல்லைக்கு ஓடினோம். அதற்குள் ஊர் அங்கே நின்றது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்.

"முனிரத்தினம், அங்கியே நில்லுப்பா" என்றார் சர்பஞ்ச்.

"இன்னா மாமா, எனக்கேவா?"

"உனக்குன்னு இல்ல. ஊருக்குன்னு."

"நான் இன்னா எலி வூட்லயா பொண்ணு எடுத்துக்கினு வந்தேன்? தறி ஓட்டிக்கினு இருந்தேன் மாமா."

இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கயிறு அவிழ்ந்துவிடும் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து நைனா இருமினார். கூட்டம் ஒரு அடி பின்னால் போனது. அம்மா மட்டும் முன்னால் போனாள். பெண்கள் இரண்டு பேர் அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

நைனா ஏழுமலைச் சித்தப்பாவைப் பார்த்தார். "ஏண்டா, நீயும் இந்தப் பக்கம் வரமாட்டியா?"

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். "காப்புக் கட்டினவன் நான்ணா. நானே தாண்டினா ஆத்தா பொறுக்கமாட்டா."

"சரி வுடு. நான் அவுளுக்கு வேண்டிக்கினு ஒண்ணு வாங்கியாந்தேன், அத்தயாச்சும் கொண்டும் போய்க் குடு" என்று நைனா பார்சலைக் கீழே வைத்தார். உள்ளே சிவப்பில் பச்சைக் கரை போட்ட புடவை. அவர் வேலை செய்த இடத்திலேயே நெய்து சாயம் போட்டது. உயிரோடு ஊர் போய்ச் சேர்ந்தால் ஆத்தாளுக்குச் சாத்துகிறேன் என்று ரயிலில் வேண்டிக்கொண்டாராம்.

ஊர் யோசித்தது. ஆத்தாளுக்கு நேர்ந்ததைத் திருப்பி அனுப்பக் கூடாது. மஞ்சள் தண்ணீர் தெளித்து, பார்சலைக் கயிற்றுக்கு அடியில் இழுத்து, சித்தப்பா கையிலெடுத்துக்கொண்டார். அப்போது என் அம்மா போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"புடவய வாங்கிக்கினீங்களே, அது எங்கிருந்து வந்துச்சு, காஞ்சிபுரத்துல இருந்தா? அதுவும் சூரத்துல இருந்துதான வருது? அதுல வராத சீக்கு ஆளுகிட்ட மட்டும் வந்துடுமா?"

"அது ஆத்தா சொத்து அண்ணி" என்றார் சித்தப்பா.

"அப்ப இவுரு யாரு சொத்துடா?"

சித்தப்பா பார்சலோடு கோயில் பக்கம் நடந்தார். நைனா வர முடியாத தெருவில் அவர் வாங்கிய புடவை போயிற்று. துணியில் தெள்ளுப்பூச்சி ஒட்டிக்கொண்டு வரும், பிளேக்கை எலியிலிருந்து மனிதனுக்குக் கொண்டுவருவது அந்தப் பூச்சிதான் என்று பின்னால் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆபத்து என்று ஒன்று இருந்திருந்தால் அது அந்தப் பார்சலில்தான் இருந்திருக்கும்.

எல்லைக்கு வெளியே சர்பஞ்சின் மாந்தோப்பில் இருந்த மோட்டார் கொட்டகையில் நைனாவைத் தங்கச் சொன்னார்கள். நாங்கள் சோற்றைக் கொண்டுபோய்க் கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு வருவோம். நாங்கள் தள்ளி நின்ற பிறகு அவர் வந்து எடுப்பார். "இஸ்கூலுக்குப் போனியா பாப்பா, துன்னியா" என்று அங்கிருந்தே கத்துவார். நான் கத்திப் பதில் சொல்வேன். பேசும்போது நடுவில் இருமல் வரும். அவர் திரும்பிக்கொண்டு, துண்டால் வாயை மூடி, அடக்கப் பார்ப்பார். தறியில் நிற்கும்போது எத்தனையோ தடவை இருமியிருக்கிறார், ஒருநாளும் வாயை மூடியதில்லை. இப்போது இருமல் அவருக்குத் திருட்டுச் சொத்து மாதிரி ஆகிவிட்டது.

அம்மா சும்மா இருக்கவில்லை. சுகாதார நிலையத்துக்குப் போய் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜுரக்காரர்களுக்கு விரலில் குத்தி ரத்தம் எடுக்க ஊர் ஊராக வருபவரை நாங்கள் "மலேரியா சார்" என்போம். அவர்தான் கடைசியில் சைக்கிளில் வந்தார். மூக்கில் கைக்குட்டை, கைப்பையில் மாத்திரை. ஊரே எல்லைக்குத் திரண்டுவிட்டது. அவர் சொல்லப்போகும் ஒரு வார்த்தையில்தான் நைனா உள்ளே வருவதும் வராததும் இருந்தது. அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தி எனக்கு வலித்தது.

மலேரியா சார் நைனாவைச் சட்டையைக் கழற்றச் சொல்லி அக்குளைப் பார்த்தார். தொடை இடுக்கைத் தடவிப் பார்த்தார்.

"சார், என் கல்யாணத்துக்குப் பொண்ணு வூட்டுக்காரங்ககூட இந்த அளவுக்குப் பாக்கல" என்றார் நைனா.

"நீ நோரு மூடு" என்று பாதித் தெலுங்கில் வாயை மூடச் சொன்னார் அவர். " நெறி கட்டல. ஜொரம் கிரம் ஏமைனா கீதா?"

"இல்ல சார்."

"ராத்திரியில?"

"சாயந்தரத்துல லைட்டா கதகதன்னு இருக்கும். வேல செஞ்ச அசதி சார் அது."

அப்போது இருமல் வந்தது. மலேரியா சார் இரண்டு எட்டு பின்னால் போனார். "எப்ப இருந்து இந்த இருமலு?"

"இதுவா? இது தறி இருமல் சார். சூரத்துக்குப் போறதுக்கு முன்னாடி இருந்தே கீது."

கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்து ஏழுமலைச் சித்தப்பா கத்தினார். "ஆமா சார்! எனக்கும்தான் கீது. தறி ஓட்டற அத்தினி பேருக்கும் கீது. வேணும்னா இருமிக் காட்டட்டுமா?"

மலேரியா சார் முகத்திலிருந்து கைக்குட்டையை இறக்கினார். அவரும் நகரிக்காரர், அவருடைய மாமனாரும் தறிக்காரர். "அட, தறி இருமலா? அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா" என்று சிரித்தார். ஊரும் சிரித்தது. என் அம்மா அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதாள், சந்தோஷத்தில். எங்கள் வாழ்க்கையில் நாங்கள் கேட்ட மிக நல்ல செய்தி அன்றைக்கு அந்த வார்த்தைதான்.

இதை நினைக்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. யார்மேல் என்று கேட்டால் தெரியாது. ஒரு மனிதனை நடுவில் நிறுத்திவைத்து, ஊரும் அரசாங்கமும் பெண்டாட்டியும் சிநேகிதனும் இவனுக்கு என்ன வியாதி என்று கண்ணை விரித்துக்கொண்டு பார்க்கிறார்கள். வியாதி அவர்கள் எதிரில் சத்தமாக இருமுகிறது. சாயங்கால ஜுரத்தை அவரே வாயால் சொல்கிறார். எலும்பு தெரிய இளைத்த உடம்பைச் சட்டையில்லாமல் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். ஏனென்றால் அவர்கள் தேடியது வேறு வியாதி.

மலேரியா சார் கொடுத்த மாத்திரையைப் பேருக்கு விழுங்கிவிட்டு, காப்பு அவிழ்த்த அன்றைக்கு நைனா வீட்டுக்கு வந்தார். கங்கம்மாவுக்குச் சிவப்புப் புடவை சாத்தியிருந்தது. சித்தப்பா சில நாள் கழித்து அந்தப் புடவையை மடித்து எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, "ஆத்தா பிரசாதம் அண்ணி" என்று நீட்டினார்.

"எம் புருசன் வரக்கூடாத தெருவுல முன்னாடியே வந்துச்சே, அந்தப் புடவதான? அத்த நீயே கட்டிக்கோ" என்றாள் அம்மா.

நைனாதான் வாங்கி வைத்தார்.

சூரத்துப் பிளேக் சீக்கிரமே அடங்கிவிட்டது. எங்கள் மாவட்டத்துக்கு அது வந்ததாக நான் கேள்விப்படவில்லை. எல்லாரும் அதை மறந்துபோனார்கள். நைனா நகரியில் மிச்சமிருந்த ஒரு கொட்டகையில் மறுபடி சித்தப்பாவோடு சேர்ந்து தறி ஓட்டினார். அடுத்த வருடம் மழைக்காலத்தில், நாடாவில் வாய் வைத்து உறிஞ்சும்போது நூல் சிவப்பாக வந்தது. முதலில் அவர் அதைச் சாயம் என்று நினைத்தாராம். அந்தத் தறியில் வெள்ளை நூல் ஓடிக்கொண்டிருந்தது என்பது அப்புறம்தான் உறைத்திருக்கிறது.

திருப்பதி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சளியைச் சின்ன டப்பாவில் துப்பச் சொன்னார்கள், படம் எடுத்தார்கள். டிபி. அந்த டாக்டர் பொறுமையானவர். எத்தனை நாளாக இருமல் என்று கேட்டபோது, அம்மா பழக்கதோஷத்தில், "அது தறி இருமல் சார்" என்று ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். டாக்டர், "தறிக்குன்னு தனியா ஒரு இருமல் கிடையாதும்மா. தூசியில நெஞ்சு கெட்டுப்போகும், அது வேற. ரொம்ப நாள் இருமினா சளியைப் பாக்கணும்" என்றார். தினமும் போட வேண்டிய ஊசியைப் பற்றிச் சொல்லும்போது, பிளேக்குக்கும் இதே ஊசிதான் போடுவார்கள் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். நைனா சிரித்துவிட்டார். "அப்ப அந்தத் தோப்புலயே எனக்குப் பிளேக்குன்னு சொல்லி ஊசியப் போட்டு இருந்தா இத்தினி தூரம் பஸ்சுல வந்து இருக்க மாட்டேனே சார்."

தனியாகப் படுக்க வேண்டும், வீட்டில் காற்று வர வேண்டும் என்று டாக்டர் சொன்னார். எங்கள் வீடு ஒரே அறை. அம்மா பெட்டியிலிருந்து அந்தச் சூரத்துப் புடவையை எடுத்து நடுவில் கயிறு கட்டித் தொங்கவிட்டாள். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் நைனா. மறுபடியும் ஒரு கயிறு. வந்துகொண்டிருந்த கொஞ்சம் காற்றையும் அந்தப் பாலியஸ்டர் அடைத்துவிட்டது.

இன்னொன்று நடந்தது. ஊர் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தது. பிளேக் இல்லாதவனை எல்லையில் நிறுத்திவிட்டோம் என்று எல்லாருக்கும் உள்ளே ஒரு உறுத்தல் இருந்தது போல. சாயங்காலம் ஆனால் அந்த ஒற்றை அறையில் ஆள் நிறைந்துவிடும். டீ போட்டு ஒரே டம்ளரில் சுற்றி வரும். குளிர் ஆகாது என்று கதவைச் சாத்துவார்கள். சர்பஞ்சுகூட வந்து உட்கார்ந்து போனார். ஏழுமலைச் சித்தப்பா தினமும் வந்தார். நைனா பற்றவைத்த பீடியை வாங்கி இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். இல்லாத பிளேக்குக்குப் பயந்து கயிறு கட்டினார்கள். இருந்த டிபிக்குப் பயப்படாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். இரண்டையும் பாசத்தில்தான் செய்தார்கள், அதை நான் மறுக்கவில்லை. பாசம் என்ன, எக்ஸ்ரே மிஷினா?

மருந்தில் நைனா தேறினார். கன்னத்தில் சதை வந்தது, இருமல் நின்றது. நின்றதும் மருந்தையும் நிறுத்திவிட்டார். மாத்திரை வாங்கத் திருப்பதிக்குப் போனால் ஒரு நாள் வேலை போகும். வேலைக்கு வராவிட்டால் தறியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். "ஒடம்பு நல்லாத்தான கீது" என்றார். மருந்தை எதற்கு நிறுத்தினாய் என்று கேட்க வீட்டுக்கு வந்து நிற்கும் ஏற்பாடு அப்போது எங்கள் பக்கம் இல்லை. இருமல் திரும்பி வந்தபோது பழைய மருந்து கேட்கவில்லை. நான் ஏழாவது படிக்கும்போது நைனா போய்ச் சேர்ந்தார். மாங்காய் இறங்கும் பருவம் அது. வீட்டில் ஊர் முழுக்க இருந்தது.

சில வருடம் கழித்து ஏழுமலைச் சித்தப்பா இளைக்க ஆரம்பித்தார். அம்மா அவரோடு பேசுவதையே குறைத்திருந்த காலம் அது. ஒருநாள் கோயிலில் தீபாராதனை காட்டும்போது அவருக்கு இருமல் வந்து தட்டு கை நழுவிவிட்டது. ஜனங்கள் அபசகுனம் என்று முணுமுணுத்தார்கள். அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றாள்.

"எத்தினி நாளா கீது இந்த இருமல்?"

"அது ஒண்ணும் இல்ல அண்ணி, தறி இரு..."

"அந்தப் பேச்ச இன்னோர் தடவ எடுத்த, நாடாவாலயே உன் வாய ஒடச்சிடுவேன். நாளைக்குக் காலைல என்னோட ஆஸ்பத்திரிக்கு வர்ற. ஆத்தாகிட்ட லீவு நான் சொல்லிக்கிறேன்."

போனார்கள். டிபிதான். ஆனால் அதற்குள் காலம் மாறியிருந்தது. மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடாமல், எதிரில் நிற்கவைத்து விழுங்கச் சொல்லும் முறை வந்துவிட்டது. எங்கள் தெரு அங்கன்வாடி டீச்சரம்மாவிடம் மாத்திரை டப்பா இருக்கும். சித்தப்பா குழந்தைகளோடு வரிசையில் நின்று விழுங்குவார். ஒருநாள் வராவிட்டாலும் என் அம்மா அவர் வீட்டு வாசலில் போய் நிற்பாள். "புருசனுக்கே இவ்ளோ காவல் காத்து இருக்கமாட்டே அண்ணி" என்று அவர் ஒரு தடவை வாய்தவறிச் சொல்லிவிட்டார். அம்மா வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டாள். மறுநாள் மறுபடியும் போனாள். அவர் பிழைத்துக்கொண்டார். போன தையில் பேரன் காதுகுத்தில்கூடப் பந்தியில் நின்று பரிமாறினார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமும் எரிச்சலும் சேர்ந்தே வரும். இரண்டில் ஒன்றை விட்டுவிட இன்னும் முடியவில்லை.

இப்போது எங்கள் ஊர் எல்லையில் அன்றைக்குக் கயிறு கட்டிய வேப்பமரம் இல்லை, ரோடு அகலப்படுத்தியதில் போய்விட்டது. ஜாத்திரைக்குக் காப்புக் கட்டுகிறார்கள். கயிறு தலைக்கு மேலே உயரத்தில் தொங்குகிறது, அடியில் கம்பெனி பஸ்கள் சத்தியவேடு பக்கத்துப் பாக்டரிகளுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. மோட்டார் கொட்டகை இருந்த தோப்பு பிளாட் ஆகிவிட்டது. நைனா ஓட்டிய தறி பழைய இரும்புக்குப் போயிற்று. நகரியில் இன்னும் தறி ஓட்டும் இடங்கள் உண்டு, ஆனால் எங்கள் தெருவில் காலை நேரத்தில் யாரும் இருமுவதில்லை. "தறி இருமல்" என்று சொன்னால் என் பிள்ளைகளுக்கு என்னவென்று தெரியவில்லை. அந்தப் பேச்சு ஒழிந்தது, நல்லதுதான் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் பாக்டரியில் நான் சூப்பர்வைசர். சீசனுக்கு ஒடிசாவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், ஒரு காலத்தில் நாங்கள் சூரத்துக்குப் போனதைப் போல. தகர ஷெட்டில் நெருக்கியடித்துப் படுத்துக்கொள்கிறார்கள். இந்த சீசனில் பாய்லரில் உமி தள்ளும் ஒருவர், நாற்பது வயது இருக்கும், என்னைப் பார்த்ததும் திரும்பிக்கொண்டு துண்டால் வாயை மூடி இருமலை அடக்கினார். அந்தத் திரும்பலை எனக்குத் தெரியும்.

காண்ட்ராக்டரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "அது பாய்லர் இருமல் மேடம். உமி தள்ற எல்லாருக்கும் கீது. ரொம்ப ஆச்சுன்னா ஊருக்கு பஸ் ஏத்தி உட்டுடலாம்."

நான் அவனை என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. கம்பெனி ஆட்டோவை எடுக்கச் சொல்லி, அந்த மனிதரையும் ஏற்றிக்கொண்டு, இரண்டு பக்கமும் தார்ப்பாயைச் சுருட்டிவிட்டுக் காற்றோட்டமாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியில் அவர் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில், தன்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்களா என்று கேட்டார். வீட்டில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது, ஐந்தாவது படிக்கிறது என்றார்.

யாரும் அனுப்பமாட்டார்கள், இங்கேயே இருந்து மருந்து சாப்பிடு, வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அதற்காக மேனேஜரோடு நான் போட வேண்டிய சண்டை இன்னும் பாக்கி இருக்கிறது. ஆஸ்பத்திரியில் சின்ன டப்பாவைக் கொடுத்தார்கள். அவர் கூச்சத்தோடு என்னைப் பார்த்தார். வெளியே மரத்தடிக்குக் கூட்டிப்போய், ஆழமாக இருமித் துப்பு என்று சொன்னேன். வாயிலிருந்து துண்டை எடுத்துவிட்டு அவர் இருமினார், அடக்காமல், சத்தமாக. நான் நகரவில்லை.